நெல்லைக் குளத்தங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் கிராவல் சைக்கிள்: முழு வழிகாட்டி

"குளத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு" என்று கிராவல் சைக்கிளில் (மண்பாதைக்கேற்ற, அகல டயர் போட்ட சைக்கிள்) கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். நெல்லைச் சீமைக் குளம் எதையும் கரையிலேயே முழுதாகச் சுற்றிவிட முடியாது. இங்கே குளம் என்பது தோண்டிய பள்ளம் இல்லை. சரிவில் இறங்கி வரும் தண்ணீரை மண்கரை போட்டு மறித்தது. கரை அரிவாள் மாதிரி வளைந்து, தாழ்ந்த பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மலை மேற்கே, கடல் கிழக்கே என்பதால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம். எதிர்ப்பக்கம் உள்வாய்: தண்ணீர் ஏறினால் மறையும், இறங்கினால் சேறு, கோடையில் ஆட்டுத்தடம். ஆகவே "சுற்று" என்பது பாதி கரை, மீதி உள்வாயை ஒட்டிய ஊர்ச்சாலை. இதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் சகதியில் சைக்கிளைச் சுமக்கும் நிலை வராது.

அடுத்தது, கரை யாருடையது என்பது. அது சாலை இல்லை. நீர்வளத்துறை பராமரிப்பில், விவசாயிகள் புழங்கும் இடம். எந்தக் கரை எப்போது ஓட்டத் தகும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. அதனால் சைக்கிளைப் பற்றிப் பேசும் முன் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடலாம்.

எந்த மாதம், எந்தக் கரை

தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம். ஜூனில் தொடங்குவது கார், வடகிழக்குப் பருவமழையோடு தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாவது பிசானம்.

ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரைதான் உச்ச காலம். குளத்தில் தண்ணீர் நிற்கும், கரையின் மேல்மண் இறுகியிருக்கும், பறவைகளும் இருக்கும். ஒரே தொந்தரவு அறுவடை. ஈரமாக இருந்தபோது கதிர் அறுக்கும் இயந்திரமும் டிராக்டரும் போன தடம், காய்ந்தபின் அரையடி ஆழக் கான்கிரீட் வாய்க்கால் போல நிற்கும். முன்சக்கரம் அதில் இறங்கினால் ஹேண்டிலைத் திருப்பி ஏறப் பார்க்காதீர்கள், விழுவது நிச்சயம். தடத்துக்குள்ளேயே மெதுவாகப் போய், அது ஆழம் குறையும் இடத்தில் வெளியே வாருங்கள். ஊர்ச்சாலையில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றவே கூடாது. இடம் இல்லையென்றால் இறங்கி உருட்ட வேண்டும்.

ஏப்ரல், மே: குளம் வற்றும், உள்வாயின் குறுக்கே கூடப் போகலாம். ஆனால் விடியும்போது கிளம்பி ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். வண்டல் அள்ளும் லாரிகள் ஓடும் குளங்களில் புழுதி கணுக்கால் வரை கிடக்கும். அந்தக் குளங்களை விட்டுவிடுங்கள். ஈடாக, வழியெல்லாம் நுங்கும் பதநீரும் கிடைக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று நாங்குநேரிச் சமவெளியிலும் அடிக்கும். கரை உயரமாக இருப்பதாலும், வடக்கு தெற்காக ஓடுவதாலும், காற்று நேராக விலாவில் மோதும். இந்த மாதங்களில் குளத்தை விட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் வாருங்கள். மேற்கே ரயிலில் போய், கிழக்கே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவதே புத்திசாலித்தனம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரைப்பக்கமே போகவேண்டாம். ஊறிய கரையில் சக்கரத் தடம் பதிந்தால் அதன் வழியே மழைநீர் அரிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதி மழையில் உடைந்த குளங்கள் எத்தனை என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அப்படி உடைந்து அடைத்த இடங்களில் மண் புதிது. நடுவில் திடீரென்று தளர்ந்திருக்கும்.

மண்ணை அடையாளம் காண்பது

நாங்குநேரி, களக்காடு பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளும். மழை விட்டு இரண்டு நாளில் ஓட்டலாம். மானூர், கங்கைகொண்டான் பக்கம் கரிசல் திட்டுகள் வரும். காய்ந்த கரிசல் அருமையான தளம், நனைந்த கரிசலோ சைக்கிளின் எமன். இருபது மீட்டர் போவதற்குள் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது பெடலை அழுத்தி மிதித்தால் டிரெய்லியர் (பின் கியரை மாற்றும் கை) பின்னால் இழுபட்டு, அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் முறியும். சக்கரம் கனத்த உடனே இறங்கி, குச்சியால் மண்ணைத் தள்ளிவிட்டு, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு புல் விளிம்புக்கு வந்துவிட வேண்டும். திசையன்விளைக்குக் கிழக்கே வரும் தேரி தனி ரகம்: சிவந்த மணல்மேடு, 50 மி.மீ. டயர் கூடப் புதையும். வரைபடத்தில் அழகான கோடாகத் தெரிந்தாலும் தேரிக்குள் பாதை போடாதீர்கள்.

சைக்கிள்: அவசியமானது மட்டும்

கிராவல் பைக்தான் வேண்டும் என்பதில்லை. 38 மி.மீ. டயர் நுழையும் ஹைபிரிட் போதும், பழைய எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) இன்னும் நல்லது. நிலம் சமதளம் என்பதால் கியர் பெரிய விஷயமில்லை. ஊர்ச்சாலையிலிருந்து கரைக்கு ஏறும் இடம் மட்டும் செங்குத்தாக இருக்கும். முன்னால் 40 பல், பின்னால் பெரியது 40 அல்லது 42 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

இந்தச் சீமையில் சைக்கிளின் முழுக் கதையும் முள்தான். சீமைக்கருவேல முள் டயரின் நடுப்பகுதியையே துளைக்கும். நெருஞ்சி மழைக்குப் பின் படர்ந்து, ஜனவரிக்கு மேல் காய்ந்து பாதை ஓரமெங்கும் உதிர்ந்து கிடக்கும். மூன்றாவதை வெளியூர்க்காரர்கள் எதிர்பார்ப்பதில்லை: பனங்கருக்கு. கீழே விழுந்த பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம். மட்டை மேல் ஏறினால் அது புரண்டு டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். பக்கச்சுவர்க் கிழிசலைச் சீலண்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவம்) அடைக்காது. போதாக்குறைக்கு மட்டை எம்பி ஸ்போக்கில் மாட்டும். பனைக்கடியில் வேகத்தைக் குறைத்து, மட்டையைச் சுற்றிப் போங்கள். முடிந்தால் இறங்கி எடுத்து ஓரமாகப் போடுங்கள், அடுத்து வருகிறவர் டி.வி.எஸ்.50-இல் வரலாம்.

டயர் ஏற்பாடு:

1. டியூப்லெஸ்ஸாக மாற்றுங்கள். 40 மி.மீ. டயர் ஒன்றுக்கு 80 முதல் 90 மில்லி சீலண்ட். இங்குள்ள வெயிலில் சீக்கிரம் உலரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு கோரை (வால்வின் உள்தண்டு) கழற்றி 30 மில்லி சேர்க்கவும். சைக்கிளை வெயிலில் நிறுத்தும் வீடென்றால் மாதம் ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சளசளப்பு கேட்கவில்லையென்றால் உள்ளே ஒன்றுமில்லை.

2. காற்று: 70 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டியூப்லெஸ்ஸில் முன்னே 32, பின்னே 35 பி.எஸ்.ஐ. தார்ச்சாலை அதிகமுள்ள நாளில் இரண்டையும் 4 கூட்டலாம். டியூப் போட்டிருந்தால் 8 முதல் 10 கூட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மடைக் கல்லில் அடிபட்டு டியூபில் இரட்டை ஓட்டை விழும்.

3. பையில்: ஒரு டியூப், பிளக் கிட் (ஓட்டையில் திணிக்கும் ரப்பர்த் திரி), கைப்பம்பு, கிழிசலுக்கு உள்ளே வைக்க இரண்டு விரல் அகலப் பழைய டயர்த் துண்டு, உங்கள் ஃபிரேமுக்கான ஹேங்கர் ஒன்று, செயின் இணைப்பு ஒன்று.

4. பிரெஸ்டா வால்வு (ஒல்லியான சைக்கிள் வால்வு) என்றால் பித்தளை அடாப்டர் கட்டாயம். ஊர்ப் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் பைக், கார் வால்வுக்கானது. கடைக்காரர் கையால் அழுத்திப் பார்த்துக் கல் மாதிரி ஆக்கித் தருவார். "முப்பத்தஞ்சு போதும் அண்ணாச்சி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முள் குத்தினால்: டியூப்லெஸ் என்றால் முள்ளை உருவி, ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்துங்கள். டியூப் என்றால், காற்று இறங்காமல் இருக்கும்வரை முள்ளைத் தொடாதீர்கள். நிழல் உள்ள இடம்வரை அதுவே அடைப்பாக இருக்கும். கழற்றியபின் புது டியூபை மாட்டும் அவசரத்தில் விடுகிற தப்பு ஒன்று உண்டு. கருவேல முள் வெளியே ஒடிந்து, நுனி டயருக்குள்ளேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தேடினால் விரலைக் குத்தும். ஒரு பழைய துணியை டயரின் உட்புறம் முழுக்க ஒரு சுற்று இழுங்கள். துணி மாட்டும் இடத்தில் நுனி இருக்கும். பின்னாலிருந்து தள்ளி, நகவெட்டியால் பிடித்து எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிய டியூப் அடுத்த கிலோமீட்டரிலேயே போகும்.

பாதையை வீட்டிலேயே வரைவது

செயற்கைக்கோள் படத்தில் குளத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைக் குறியுங்கள்: கரை ஏறும் இடம், மடைகள், மறுகால். மடை பொதுவாகச் சிக்கல் இல்லை. கரையின் ஊடே தண்ணீர் வயலுக்குப் போகும், மேலே கல்லோ கைப்பிடிச்சுவரோ இருக்கும், பாதை சற்றுக் குறுகும். மறுகால்தான் வழியை வெட்டும். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் அது. கரை அங்கே இறங்கி, கல் தளமாகி, மறுபடி ஏறும். மறுகால் பாயும் நாளில் அதைக் கடக்கக்கூடாது. பாசி படிந்த கல்லில் கணுக்கால் அளவுத் தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும். கரையின் ஒரு கோடியில் மறுகால் இருந்தால், அந்தக் கோடிக்கு முன்னால் ஊருக்குள் இறங்கும் வழி எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

களத்தில் வழி கேட்கும்போது "இந்தக் கரை அடுத்த ஊருக்குப் போகுமா?" என்று கேட்டால் "போவும்" என்பார்கள். அது நடந்து போகும் கணக்கு. "பைக் போகுமா அண்ணாச்சி, மறுகால் தாண்ட முடியுமா?" என்று கேளுங்கள். "மறுகால்ல மட்டும் எறங்கி உருட்டிக்கிடணும் தம்பி" என்பதுபோல உருப்படியான பதில் வரும்.

பாதை ஒன்று: கன்னடியன் கால்வாய்

முதல்முறை வருகிறவருக்கு இதைத்தான் சொல்வோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவதான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து தென்கரையில் பிரியும் கால்வாய் இது. கல்லிடைக்குறிச்சி, வெள்ளாங்குழி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஊர் ஊராகக் கிழக்கே போகும். சேரன்மகாதேவி வரை திருநெல்வேலி–செங்கோட்டை ரயில்பாதையும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஓடுகிறது. அதுவரை எங்கே களைத்தாலும் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் உண்டு. தண்ணீர் போகும் திசையில் போவதால் ஏற்றமே இல்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி சுமார் 15 கி.மீ.; கரையில் இரண்டு மணி நேரம் வையுங்கள்.

ரயிலில் சைக்கிளை லக்கேஜாகப் பதிய வேண்டும். முன்சக்கரம் கழற்றிப் பையில் போட்டாலும் முதல்நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்வது நல்லது.

கல்லிடைக்குறிச்சியில் கால்வாயை அடைந்ததும் உடனே ஏறிவிடாதீர்கள். இரண்டு கரையையும் பாருங்கள். டிராக்டர் தடம் உள்ள கரைதான் ஓட்டும் கரை. மற்றது வேலி, வாழை, முள் என்று சில நூறு மீட்டரில் அடைத்துவிடும். ஓட்டும் கரை வழியில் பக்கம் மாறும். மாறும் இடத்தில் பாலம் வரும்வரை பொறுத்திருங்கள். மடைப் பலகை மேல் சைக்கிளை நடத்திக் கடப்பது வேண்டாம். வயலுக்குத் தண்ணீர் எடுக்கக் கரையை வெட்டிக் குழாய் பதித்த இடங்கள் குறுக்கே பள்ளமாக வரும். மண்ணின் நிறம் மாறினால் அங்கே பள்ளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

படித்துறைகளில் காலை நேரம் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். தொலைவிலேயே மணி அடித்து, வேகமாகக் கடந்துவிடுங்கள். போன், ஹெல்மெட் கேமரா எல்லாம் அணைந்திருக்கட்டும். இந்த ஒன்றில் தவறினால் அடுத்து வரும் எல்லாச் சைக்கிள்காரர்களுக்கும் கரை மூடிவிடும்.

வெள்ளாங்குழியில் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு வெள்ளநீர்க் கால்வாய் பிரிகிறது. சுமார் 75 கி.மீ. ஓடி எம்.எல்.தேரி வரை போகும் புதிய கால்வாய். அகலமான கரை ஆசை காட்டும். ஆனால் நிழல் கிடையாது, டீக்கடையும் தூரம். பாலத்துக்குப் பாலம் துண்டு துண்டாகப் பழகிவிட்டு நீளப் பயணம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீரவநல்லூரில் டீ. அங்கிருந்து வடக்கே திரும்பினால் கடனாநதி தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூர். 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஆற்றங்கரை மரங்களில் கூடு கட்டியிருக்கும் காலத்தில் மரத்தடியில் கூச்சல் போடாமல் நில்லுங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் மரச்சிற்பமும் சுவரோவியமும் உண்டு. சைக்கிள் ஷூவின் இரும்புக் கிளீட்டோடு (பெடலில் மாட்டும் அடித்தகடு) கோயில் வாசல் கல்லில் நடந்தால் வழுக்கும். ஒரு ரப்பர் செருப்பைப் பையில் கட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

சேரன்மகாதேவியில் முடிக்காமல் தொடர்கிறவர்கள் பத்தமடை, மேலச்செவல், கோபாலசமுத்திரம், தருவை, முன்னீர்பள்ளம் வழியாக மேலப்பாளையம் வந்து சேரலாம். தருவை அருகே பச்சையாறு குறுக்கிடும். தாம்போதியில் (ஆற்றின் குறுக்கே போகும் தாழ்வான சாலை) தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்க இறங்காதீர்கள், சுற்றிப் போங்கள். மலையில் பெய்த மழைக்கு இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் வரும்.

பாதை இரண்டு: கூந்தன்குளம், நாங்குநேரிக் குளங்கள்

திருநெல்வேலியிலிருந்து கூந்தன்குளம் 38 கி.மீ., மூலைக்கரைப்பட்டி வழி. போய்த் திரும்பினாலே 76. நீளம் கூடுதல் என்பவர்கள் நாங்குநேரி வரை ரயிலில் வந்து தொடங்கலாம். 1994-இல் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் 2022-இல் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள்) பட்டியலிலும் சேர்ந்தது. ஊருக்குள் வீட்டு மரத்திலேயே மஞ்சமூக்கு நாரைகள் கூடு கட்டும். அவற்றுக்காக அந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கரையில் சைக்கிள் ஓட்டுவது நியாயமில்லை. ஊர் எல்லையில் இறங்கி, சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். ஓட்டுவதற்கான கரை சுற்றுப்புறச் சிறு குளங்களில் நிறைய உண்டு.

தெற்கே விஜயநாராயணம் பெரிய குளம் வரை நீட்டலாம். அங்கே ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருப்பதால் தளச் சுவர்ப் பக்கம் மண்பாதை தேடாதீர்கள். படமெடுப்பதும் டிரோனும் கூடவே கூடாது. இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இடைவெளி அதிகம். மணிக்கு 600 மில்லி என்று கணக்கிட்டு இரண்டு லிட்டராவது கொண்டுபோங்கள், அதில் ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும்.

பாதை மூன்று: மலையடிவாரம்

மணிமுத்தாறு அணையிலிருந்து தெற்கே, வடக்குப் பச்சையாறு, களக்காடு, திருக்குறுங்குடி, கொடுமுடியாறு என்று மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போகும் வழி. மூன்றிலும் இதுவே அழகு, இதிலேயே கட்டுப்பாடும் அதிகம். மேற்கே இருப்பது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். செக்போஸ்டைத் தாண்டி சைக்கிள் போகாது. அதற்குக் குறுக்குவழி தேடுவது வனக்குற்றம். செக்போஸ்டுக்கு இப்பக்கமும் கரடி, காட்டுப்பன்றி, சிறுத்தை நடமாட்டம் உண்டு. மற்ற பாதைகளுக்குச் சொன்ன "விடியும்போது கிளம்பு" என்பது இங்கே பொருந்தாது. ஏழு மணிக்குத் தொடங்கி, மாலை ஐந்துக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள். வளைவுகளில் மணி அடித்துக்கொண்டே போனால் கரடி விலகிவிடும். சத்தமில்லாமல் வரும் சைக்கிள்தான் அதைத் திடுக்கிட வைக்கும். வாழைத்தோட்ட வேலியில் மின்சாரம் ஓடலாம். சைக்கிளை அதில் சாய்த்து வைக்காதீர்கள்.

திரும்பி வந்ததும்

பிரஷர் பம்பால் சைக்கிளைக் கழுவ வேண்டாம்; செம்மண் நீரோடு பேரிங்குக்குள் போகும். காய விட்டு, பிரஷ்ஷால் உதறி, ஈரத் துணியால் துடையுங்கள். செயினில் கெட்டி எண்ணெய் போட்டால் புழுதி ஒட்டி அரைத்துவிடும். ஜனவரி முதல் செப்டம்பர் வரை உலர்வகை எண்ணெய் சில சொட்டு போதும், போட்டபின் மேல்பூச்சைத் துடைத்தெடுங்கள். பிறகு வெளிச்சத்தில் இரண்டு டயரையும் மெதுவாகச் சுற்றி, பதிந்திருக்கும் நெருஞ்சிகளைப் பிடுங்குங்கள். பத்து இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பிடுங்கிய முள்ளை முற்றத்தில் போடாமல் ஒரு டப்பாவில் போடுங்கள், அடுத்த முறை அதே சக்கரம் அந்த முற்றத்தில்தான் உருளும்.